பால்மானி காட்டாதது

கங்காதர நெல்லூர் பஜாரில் ஒரு பால் கேந்திரத்தின் மேசையில், பேனாக்களோடு பேனாவாக டப்பாவில் ஒரு பழைய பால்மானி செருகியிருந்தது. அதற்கு இப்போது வேலை இல்லை. பாலைக் கிண்ணத்தில் ஊற்றி மெஷினுக்கு அடியில் வைத்தால் ஃபேட், எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), கலந்த தண்ணீர் எல்லாம் எண்ணாக வந்து, சீட்டும் அடித்துத் தருகிறது. பால் ஊற்ற வந்த பெண்கள் சீட்டைப் பார்த்த வேகத்தைப் பார்த்தால், மதிப்பெண் பட்டியல் பார்க்கும் பிள்ளைகள் தோற்றார்கள்.

எனக்கு அந்தக் கண்ணாடிக் குழாய் மேல் தனிப் பிரியம் உண்டு. அதை ஏமாற்றும் வழி அவ்வளவு அழகானது என்பதுதான் காரணம். பாலில் தண்ணீர் விட்டால் அடர்த்தி குறைந்து பால்மானி கூடுதலாக முங்கும், ஆள் மாட்டிக்கொள்வான். ஆனால் கொழுப்பு தண்ணீரைவிட லேசு. ஆடையை எடுத்துவிட்டால் மிச்சப் பாலின் அடர்த்தி ஏறும், பால்மானி மேலே எழும்பி நிற்கும். அதனால் விவரமானவன் முதலில் ஆடையை எடுப்பான், பிறகு அளவாகத் தண்ணீர் விடுவான். இரண்டு திருட்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, நல்ல பாலின் டிகிரியையே காட்டும். இதைக் கண்டுபிடித்தவன் பௌதிகம் படித்திருக்க மாட்டான். ஆனாலும் எந்தப் பௌதிக வாத்தியாரும் அவனுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

இந்தத் தந்திரம் உலகம் முழுக்க இருந்திருக்கிறது. அதை முறியடிக்க அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பாப்காக், அமிலம் ஊற்றிச் சுழற்றிக் கொழுப்பை மட்டும் பிரித்து அளக்கும் முறையை 1890-ல் வெளியிட்டார். காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்துக்காரர் கெர்பரும் தம் முறையைக் கொண்டுவந்தார். நம் ஊர் சொசைட்டிகளில் கையால் சுற்றிய இயந்திரமும் மூக்கைத் துளைத்த அமைல் ஆல்கஹால் நெடியும் அவர் உபயம்.

கருவி எதுவானாலும் அதை நடத்த ஓர் ஆள் வேண்டும். ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் அந்த ஆளின் தலைமைப் பண்பு பற்றிய புத்தகங்கள் கோபுரமாக அடுக்கியிருக்கின்றன. வாங்கியும் படித்திருக்கிறேன், மறைப்பானேன். எல்லாவற்றிலும் தலைவர் காலை நாலு மணிக்கு எழுந்துவிடுகிறார். எங்கள் பக்கத்தில் நாலு மணிக்கு எழுகிறவர் மாடு கறப்பவர். அவரைப் பற்றி யாரும் புத்தகம் போடவில்லை.

எனக்குத் தெரிந்த முதல் நிர்வாகி, அத்தை ஊர் பால் சொசைட்டியின் செயலாளர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் ஊர் அது; தமிழ் பேசுகிறவர்களும் அவரை ‘அய்யவாரு’ என்றுதான் சொல்வார்கள். சிடுமூஞ்சி. யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. அவருக்கு ஒரு வழக்கம்: காலையில் முதல் சாம்பிள் அவர் வீட்டுப் பாலாகத்தான் இருக்க வேண்டும். அதைத் தாம் பார்க்க மாட்டார். வரிசையில் நிற்கும் யாராவது ஒரு பையனைக் கூப்பிட்டு டிகிரியைப் படிக்கச் சொல்வார். அவன் உரக்கப் படிக்க வேண்டும். இவர் நோட்டில் எழுதிக்கொள்வார்.

ஒருநாள் பையன் படித்த எண் இருக்க வேண்டியதற்கு வெகு கீழே இருந்தது. வரிசை மொத்தமும் கப்சிப். இன்னொரு பையனைப் படிக்கச் சொன்னார். அதே எண். அய்யவாரு பேனாவை மூடி, தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார். பின்னாலேயே பாதி வரிசையும் போனது; என் அத்தையும் போனாள் என்பதால்தான் எனக்கு இத்தனை விவரம் தெரியும். வாளியை அலம்பிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே கறந்துவிட்டதாக அவர் மனைவி சொன்னாள். ‘உங்க சொசைட்டிக்கு எழுந்து எழுந்து எனக்குக் கண்ணே தெரியலை, வேணும்னா நாளையிலேர்ந்து நீங்களே கறங்க’ என்றும் சேர்த்துச் சொன்னாளாம். அவர் திரும்பி வந்து தம் கணக்கில் அன்றைய காலைக்கு ஒரு கோடு இழுத்தார். மறுநாள் அவரே கறந்தாரா என்பது பற்றி ஊரில் இரண்டு கட்சி. மாடு உதைத்தது என்று அத்தை கடைசிவரை சாதித்தாள்.

அதற்குப் பிறகு அந்த சொசைட்டியில் டெஸ்டரோடு சண்டை பிடிப்பவர்கள் குறைந்துபோனார்கள். டிகிரி குறைந்தால், ‘அய்யவாரு பொண்டாட்டி மாதிரி அலம்பின தண்ணி’ என்று தாங்களே சிரித்துக்கொள்வார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர் நல்ல மனிதர், முகம் சுளிக்காதவர், பண்டிகைக்கு எல்லோருக்கும் இனிப்பு கொடுப்பார். ஆனால் அவர் வீட்டுப் பால் எப்போது வந்தது, யார் படித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேன்கள் ஒவ்வொன்றாகத் தனியார் வண்டிக்கு நகர்ந்தன. புது மெஷின் வாங்கியும் திரும்பவில்லை.

பால் ஊற்றுகிறவர்களின் நம்பிக்கையில் சொசைட்டி நடத்துவதைப் பெரிய அளவில் செய்து பார்த்த ஊர் குஜராத்தின் ஆனந்த். அங்கே எல்லோரும் அமுலை வளர்த்த வர்கீஸ் குரியனைத்தான் சொல்வார்கள். எனக்கு திரிபுவன்தாஸ் படேலைத்தான் பிடிக்கும். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற காந்தியவாதி. பால்சன் கம்பெனியின் பிடியை எதிர்த்து 1946-ல் கேடா விவசாயிகள் 15 நாள் பாலை விற்காமல் நிறுத்தியபோது ஊர் ஊராகப் போய்ப் பேசியவர், அந்த ஆண்டு டிசம்பரில் பதிவாகி, பின்னாளில் அமுல் என்று பெயர் பெற்ற கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர். குரியனோ கோழிக்கோட்டில் பிறந்து, கோபிசெட்டிபாளையத்தில் பள்ளி, சென்னை லயோலா, கிண்டி என்று நம் பக்கத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். (பால் அவருக்குப் பிடிக்காது, குடிக்கவும் மாட்டார், சொல்லாமல் இருக்க முடியவில்லை.) அரசாங்கச் செலவில் அமெரிக்காவில் படித்த கடனைத் தீர்க்க 1949 மே மாதம் ஆனந்துக்கு வந்தார். மாமிசம் சாப்பிடும் பிரம்மச்சாரிக்கு வீடு தர ஆளில்லை. ஒரு கார் ஷெட்டில் தங்கினார். கடன் தீர்ந்ததும் மூட்டை கட்டினார்.

‘இந்த மெஷின்களை மட்டும் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்கிற மாதிரி கேட்டு அவரை நிறுத்தி வைத்தது திரிபுவன்தாஸ். பழைய மெஷின் இனி ஆகாது, புதிது வேண்டும் என்று குரியன் சொன்னபோது கடன் வாங்கிப் பணம் கொடுத்தார். எருமைப் பாலில் பவுடர் எடுக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, முடியும் என்ற பால்தொழில் நிபுணர் தலாயாவையும் குரியனையும் நம்பினார். 1955-ல் அந்தப் பவுடர் ஆலையை நேரு திறந்துவைத்தார். தொழில் தெரிந்தவனிடம் தொழிலை விட்டுவிட்டு, உள்ளூர் அரசியல் அவன் மேல் விழாமல் தாம் குறுக்கே நிற்பது என்பதைப் பெரிய வேலையாக யாரும் எண்ணுவதில்லை. வெளியே தெரியாத வேலை அது.

1964-ல் லால் பகதூர் சாஸ்திரி ஆனந்துக்குப் பக்கத்தில் அஜர்புரா என்ற கிராமத்தில் ஓர் இரவு தங்கினார். இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று சொல்லித்தான் குரியன் அந்த விவசாயி வீட்டை ஏற்பாடு செய்தாராம். வந்து நின்றது பிரதமர். மண் ஒன்றும் ஒசத்தி இல்லை, எருமை ஒன்றும் ஒசத்தி இல்லை, பின் எப்படி இங்கே மட்டும் நடக்கிறது என்று சாஸ்திரிக்கு ஆச்சரியம். பண்ணை விவசாயியுடையது, நடத்துகிற மேனேஜர் அவன் வைத்த ஆள். அதுதான் வித்தியாசம் என்றார் குரியன். மறு ஆண்டு தேசிய பால்வள வாரியம் பிறந்தது.

திரிபுவன்தாஸ் எழுபதுகளின் தொடக்கத்தில் தாமாகவே தலைமையை விட்டு இறங்கினார். உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டுப் பெரும் தொகையாகக் கொடுத்ததைக் கிராம மருத்துவத்துக்கான அறக்கட்டளையாக்கினார். குரியன் 1973 முதல் குஜராத் பால் கூட்டமைப்பின் தலைவர் நாற்காலியில் இருந்து, 2006-ல் கசப்போடு வெளியேறினார். இடம் கொடுக்கப்பட்டவர், இடம் கொடுக்கிற கலையை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றும். இதற்காக அவருடைய விசிறிகள் என்னிடம் சண்டைக்கு வரலாம்.

குரியன் படித்த மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில்தான் எங்கள் சித்தூர் மாவட்டத்துப் பேட்டமிட்ட கிராமத்து கல்லா ராமச்சந்திர நாயுடுவும் பிறகு படித்தார். அமெரிக்காவில் மின்நிலையங்களை வடிவமைக்கும் வேலையை விட்டுவிட்டு, 1985-ல் திருப்பதிக்குப் பக்கத்துக் கரகம்பாடியில் அமர ராஜாவைத் தொடங்கினார். பெருநகரத்தில் போடக்கூடிய ஆலையைக் கிராமத்து ஓரத்தில் போட்டு, சுற்றுவட்டாரப் பிள்ளைகளையே வேலைக்குப் பழக்கினார். இன்று நாடெங்கும் கார்களில் இருக்கிற அமரான் பேட்டரி அங்கிருந்து கிளம்பியது. 2021-ல் ஈய மாசு விஷயமாக மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் மூடச் சொன்னதும், உயர்நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்ததும் இதே கதையில்தான் வருகின்றன. வாசல் வரை வேலையைக் கொண்டுவந்தவர் வாசல் காற்றுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுபடி பாலுக்கு வந்தால், சித்தூர் கூட்டுறவு பால்பண்ணை பற்றி இங்கே யாரும் நிதானமாகப் பேசுவதில்லை. ஒரு காலத்தில் நாளுக்கு லட்சக்கணக்கான லிட்டர் பால் வந்த இடம். கடன் ஏறி, 2002-ல் பூட்டு விழுந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பு இதே மாவட்டத்துக்காரரான சந்திரபாபு நாயுடு தொடங்கிய ஹெரிடேஜ் தனியாக வளர்ந்தது; இரண்டையும் முடிச்சுப்போட்டுக் குற்றம் சாட்டுவோரும் மறுப்போரும் தேர்தலுக்குத் தேர்தல் மேடை ஏறுகிறார்கள். 2023 ஜூலையில் அப்போதைய ஆந்திர அரசு அதே இடத்தில் அமுலுக்கு அடிக்கல் நாட்டியது. ஆனந்திலிருந்து பால்காரர் வர வேண்டியதாயிற்றா என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. மேடையில் யார் ஜெயித்தாலும், மாடு வைத்திருப்பவருக்குக் கேள்வி இரண்டுதான்: டிகிரியை யார் படித்தது, பதினைந்து நாள் பில் எந்தத் தேதிக்கு வந்தது.

பஜாரில் அன்று ஒருவர் காலைப் பாலை ஒரு கம்பெனிக்கும் மாலைப் பாலை இன்னொரு கம்பெனிக்கும் ஊற்றுவதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

‘ரெண்டு பேரையும் நம்பறேன்னு அர்த்தம் இல்லண்ணா. ஒருத்தன் பில்லை நிறுத்தினா இன்னொருத்தன் இருப்பான் இல்ல?’

‘ரெண்டு பேரும் நிறுத்தினா?’

‘மாட்டை வித்துட்டுப் பையனைக் கரகம்பாடிக்கு அனுப்பிடுவேன்’ என்றார்.