தம்பிக்குப் பனங்கிழங்கோடு ஒரு கடிதம்

சிக்கல்,
9.2.2025, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அம்மா, உன் மச்சான், பிள்ளைகள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. தினமும் வாட்ஸ்அப்பில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் எதைச் சொன்னாலும் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். கிழக்குத்தெரு மாமா மகன் லீவு முடிந்து வியாழக்கிழமை துபாய் கிளம்புகிறான். அவன் கையில் பனங்கிழங்கோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். ரூமில் எல்லோரும் தூங்கிய பிறகு நிதானமாகப் படி.

முந்தாநாள் நீ அனுப்பிய குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். சிகரெட்டை விட்டு நாற்பத்திரண்டு நாள் ஆகிவிட்டது. கணக்கு என்னிடம் இருக்கிறது. அய்யா படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் காலண்டரில் தினம் ஒரு புள்ளி வைக்கிறேன். நீ கடைசியில் சிரித்துக்கொண்டே, "நாலு கிலோ ஏறிப்போச்சுக்கா, பேண்ட் பட்டன் பூட்ட மாட்டேங்குது, பேசாம தினம் ரெண்டு மட்டும் பிடிச்சா ஒடம்பு எறங்கிரும்போல" என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. நீ அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏறக்குறைய இதே பேச்சை 2017 ஆடியில் உன் மச்சான் வாயிலிருந்து கேட்டவள் நான்.

அந்தக் கதை உனக்கு முழுசாகத் தெரியாது. அந்த வருஷம் சித்திரையில் அவர் சிகரெட்டை விட்டார். ஆடிக்குள் 6 கிலோ ஏறிவிட்டது. ஒரு காதுகுத்து வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் வயிற்றைத் தட்டி, "என்னப்பா, மாசம் எத்தனை?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அன்றைக்கு ராத்திரியே கடைத்தெருவுக்குப் போய் ஒன்று பற்றவைத்தார். "எடை குறையட்டும், அப்புறம் விட்டுக்கிறேன்" என்றார். எடை குறையவில்லை, தம்பி. ஏறிய 6 கிலோவும் அப்படியே இருந்தது, சிகரெட்டும் நாளைக்கு ஒன்பது பத்து என்று பழைய இடத்துக்கே வந்து நின்றது. நாலு வருஷம் இரண்டையும் சேர்த்துச் சுமந்தார்.

சுகாதார நிலையத்தில் தினமும் முப்பது நாற்பது பேரை எடை மெஷினில் ஏற்றி இறக்குகிறவள் நான். பிரஷர் பார்ப்பதும் சுகர் பார்ப்பதும் என் வேலை. ஆனாலும் அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். அதையெல்லாம் உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லப் போகிறேன்?

எடை ஏறுவது உன் தப்பு இல்லை. நிகோடின் உள்ளே இருக்கிறவரை உடம்பு கொஞ்சம் வேகமாக எரிகிறது, பசியும் அமுங்கிக் கிடக்கிறது. விட்டதும் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. மருந்து எதுவும் இல்லாமல் விட்டவர்களுக்குச் சராசரியாக முதல் மாதத்தில் 1 கிலோ, மூன்று மாதத்தில் ஏறக்குறைய 3 கிலோ, ஒரு வருடத்தில் 4 முதல் 5 கிலோ கூடியிருக்கிறது. கணக்கைப் பார், பாதிக்கு மேல் முதல் மூன்று மாதத்திலேயே ஏறிவிடுகிறது, அதற்குப் பிறகு வேகம் தளர்கிறது. நீ இப்போது அந்த மூன்று மாதத்தின் நடுவில் நிற்கிறாய். நூற்றுக்குப் பதினாறு பேருக்கு எடை குறைந்தும் இருக்கிறது.

உன்னிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. அம்மாவுக்குச் சுகர் இருக்கிறது, நமக்கும் வரலாம். புகையை விட்டபின் எடை ஏறியவர்களுக்கு ஐந்து முதல் ஏழு வருடம் வரை சுகர் வரும் வாய்ப்பு கூடுகிறது, பிறகு அது மெல்ல இறங்குகிறது என்று 2018இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அதனால் "ஏறினால் ஏறட்டும்" என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஆய்வுதான், எடை ஏறியவர்களுக்கும்கூட, தொடர்ந்து புகைத்தவர்களைவிட இதய நோயாலும் மற்ற நோயாலும் சாகும் வாய்ப்பு குறைவு என்று சொல்கிறது. தராசில் ஒரு பக்கம் நாலு கிலோ இருக்கிறது. மறுபக்கம் என்ன இருக்கிறதென்று நம் வீட்டுக்குத் தெரியாதா? பீடி பிடித்த நம் அய்யா ஒருநாளும் தொந்தி போட்டதில்லை. பனைமட்டை மாதிரிதான் கடைசிவரை இருந்தார். அந்த ஒல்லி உடம்பை வைத்துக்கொண்டு, கடைசி வருஷம் வாசலில் இருந்து வேப்பமரம் வரைக்கும் நடக்க முடியாமல் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாரே, அதை நீயும்தானே பார்த்தாய். பீடி பிடித்தால் உடம்பு கட்டுக்குள் இருக்கும் என்பதை அன்றைக்கு அவரிடம் யாராவது சொல்லியிருக்க முடியுமா?

இந்த எண்ணத்தை நம் தலையில் ஏற்றிவிட்டவர்களே சிகரெட் விற்றவர்கள்தான். 1928 வாக்கில் அமெரிக்காவில் லக்கி ஸ்ட்ரைக் கம்பெனி, இனிப்பை எடுப்பதற்குப் பதில் எங்கள் சிகரெட்டை எடுங்கள் என்ற பொருளில் பெண்களைப் பார்த்து விளம்பரம் செய்தது. மிட்டாய் வியாபாரிகள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். 1968இல் வேறொரு கம்பெனி, மெலிந்த பெண்களின் படத்தைப் போட்டு, பெயரிலேயே "ஸ்லிம்" என்று வைத்து விற்றது. படித்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. உடம்பு பெருத்துவிடுமோ என்ற பயத்தையும் அவர்களே விற்று, அந்தப் பயத்துக்கு மருந்தென்று நெருப்பையும் அவர்களே விற்றிருக்கிறார்கள்.

சரி, இனி மச்சான் இரண்டாம் தடவை எப்படி விட்டார் என்று சொல்கிறேன். 2021 கார்த்திகை. சிகரெட் பாக்கெட்டின் மேலேயே போட்டிருக்கிறதே, புகையை விட உதவும் 1800 11 2356 என்ற எண், அதற்குத்தான் முதலில் போன் செய்தார். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இருந்து தமிழிலேயே பேசினார்கள். போனில் பேசிய பெண் அவரிடம் கேட்ட கேள்வியை அவர் இன்றைக்கும் சொல்வார்: "ஒரு நாளில் எந்த சிகரெட்டை விடுவது உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்?" மச்சான் யோசித்துவிட்டு, "மத்தியானம் சாப்பிட்டதும் பிடிக்கிறது" என்றார்.

அன்றைக்கு நான் அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பை காலி. கை அங்கேயே ஒரு நொடி நின்றது. பிறகு திரும்பி வந்து குழம்புச் சட்டியை இழுத்தது. "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. பசியால் கேட்ட சோறு இல்லை அது. இருபது வருஷமாகச் சாப்பாடு முடிந்தது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததே சிகரெட்தான். அதை எடுத்துவிட்டால் சாப்பாடு முடியவே முடியாது.

உனக்கும் இதேதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். மெஸ்ஸில் தட்டு காலியானதும் உட்கார்ந்திருக்காதே. உடனே எழுந்து வாய் கொப்பளி, முடிந்தால் பல் தேய். ஒரு கிராம்போ கொஞ்சம் சோம்போ வாயில் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் நட. வெயில் ஆகாதென்றால் கட்டிடத்துக்குள் படியேறி இறங்கு. ஆசை வந்தால் அது அலை மாதிரிதான், சில நிமிஷத்தில் தணியும். நடந்தால் இன்னும் சீக்கிரம் தணியும்.

அடுத்தது டீ. இதை யாரும் சொல்வதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். புகைக்கிறவர்கள் உடம்பு டீ, காபியில் உள்ள கஃபீனை வேகமாகக் கழித்துவிடும். விட்டபிறகு அந்த வேகம் குறைந்துவிடும். முன்பு குடித்த அதே டீ இப்போது உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும். நீ அதை சிகரெட் இல்லாத குறை என்று நினைப்பாய், பாதி டீயின் வேலை. அங்கே நீங்கள் குடிக்கும் கரக் டீயில் பாலும் சர்க்கரையும் எவ்வளவு என்று உனக்கே தெரியும். ஒரு டீக்கு இரண்டு கரண்டி என்று வைத்தாலும் நாளைக்கு ஏழு டீக்குப் பதினாலு கரண்டி சர்க்கரை. மச்சான் ஏழு டீயை மூன்றாகக் குறைத்தார். சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தவில்லை, வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தார். டீக்கடையில் வடைக்குப் பதில் சுண்டல். அவ்வளவுதான், வேறு பத்தியம் எதுவும் கிடையாது.

பட்டினி மட்டும் கிடக்காதே. "சாயங்காலம் சாப்பிடுறதில்ல" என்று நீ சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. வெறும் வயிறு முதலில் கேட்பது சிகரெட்டைத்தான். காலையில் வயிறு நிறையச் சாப்பிடு. முட்டை, மீன், பயறு எது கிடைத்தாலும் தட்டில் இருக்கட்டும், சோறோ குப்பூஸோ கொஞ்சம் குறையட்டும். பெப்சியை விட்டுவிடு. கை பரபரத்தால் வெள்ளரிக்காய், கேரட். பேரீச்சம்பழம் நல்லதுதான், ஆனால் இரண்டு மூன்றோடு நிறுத்து. எடை மெஷினில் தினம் ஏறாதே. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தடவை போதும்.

ரொம்பத் தாங்கவில்லை என்றால் அங்கே டாக்டரைப் பார்த்து நிகோடின் சூயிங்கம் கேள். அது எடை ஏறுவதையும் கொஞ்சம் தள்ளிப்போடும். ஆனால் மற்ற சூயிங்கம் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வை. காரம் போனதும் மறுபடி மெல்லு. வாயில் அது இருக்கும்போதும் அதற்குக் கால்மணி நேரம் முன்பும் டீ குடிக்காதே. மச்சான் முதல் நாள் கடகடவென்று மென்று விக்கல் எடுத்துத் தவித்துவிட்டார்.

அவருக்கு அந்தத் தடவை 3 கிலோ ஏறியது. சாயங்காலம் லோடு வண்டியை நிறுத்திவிட்டுக் கண்மாய்க்கரையில் நடக்க ஆரம்பித்தார். முதலில் நான் கூடப் போனேன், இப்போது அவரே போய்விடுகிறார். வருஷம் திரும்பியபோது 1 கிலோ மிச்சம் இருந்தது. அது இன்னும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். விட்ட பிறகு வந்த மாசியில் ஒருநாள் நடக்கும்போது திடீரென்று நின்று தும்மினார், விடாமல் நாலைந்து தும்மல். தூரத்துக் களத்தில் குண்டுமிளகாய் காயப்போட்டிருந்தார்கள். எத்தனை வருஷமாக அந்த வழியில் போகிறவர், அன்றைக்குத்தான் நெடி மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வழிய என்னைப் பார்த்து, "மிளகா வாசம் வருது" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அது நெடியால் இல்லை.

உனக்கும் இப்போது ருசி திரும்பியிருக்கும். அதனால்தான் சோறு கூடுதலாக இறங்குகிறது. அந்த ருசியை அவசரப்படாமல் மெதுவாகச் சாப்பிடு.

பையில் ஐம்பது கிழங்கு இருக்கிறது. உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, மூன்று நாள் வெயிலில் காயவைத்தது. கெட்டியாக இருக்கும், அதுதான் வேண்டும். தோலை உரி, நடுவில் இரண்டாகப் பிள, உள்ளே இருக்கும் குருத்தை எடுத்துத் தனியாகத் தின்னு. பிறகு நாரை ஒவ்வொன்றாக உருவிவிட்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்து மெல்லு. ஒரு கிழங்குக்குக் கால்மணி நேரம் பிடிக்கும். அதுவரை உன் இரண்டு கைக்கும் வாய்க்கும் வேலை இருக்கும். மச்சானின் கையைச் சட்டைப்பையிலிருந்து இறக்கியது இந்தக் கிழங்குதான், வேறெதுவும் இல்லை. ரூமில் கேட்கிறவர்களுக்கும் கொடு, எல்லாவற்றையும் கொடுத்துவிடாதே. சின்னப் பொட்டலத்தில் இருப்பது சோம்பும் கிராம்பும், அம்மா கட்டியது. அம்மாவுக்கு விவரம் எதுவும் சொல்லவில்லை, உனக்கு ஜீரணம் சரியில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு எடை என்ன காட்டினாலும் சொல், கூடியிருந்தாலும் சொல். நான் காலண்டரில் புள்ளிதான் வைக்கிறேன், கிலோ எழுதுவதில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா