விதைக்கு விட்ட அவரை

மார்கழிப் பனி பத்து மணியாகியும் விலகவில்லை. கொல்லிமலையின் சோளக்காட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு மண்பாதை, ஓட்டு வீடு ஒன்றின் முன் முடிகிறது. வீட்டுக்குப் பின்னால் மூங்கில் பந்தல் வளையும்படி அவரைக்கொடி படர்ந்திருக்கிறது. கொடியின் கீழே அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள், இடுப்பில் கூடையோடு.

அவருடைய கை காயைத் தொட்டதும் பறித்துவிடுவதில்லை. நகத்தால் மெல்ல அழுத்திப் பார்க்கிறது. இளசு பொரியலுக்குக் கூடையில் விழுகிறது. பருப்புக் கட்டியது உரித்துக் குழம்பு வைக்க மடிக்குள் போகிறது. சில கொத்துகளை மட்டும் தொடாமலே விலகிப் போகிறது. அவற்றின் காம்பில் பழைய சேலையைக் கிழித்துச் சிவப்புத் துண்டு கட்டியிருக்கிறது.

அரையாண்டு விடுமுறைக்கு வந்த பேத்தி எட்டிப் பார்க்கிறாள்.

“ஆயா, இது பெருசா இருக்கு. பறிச்சிடட்டா?”

“துணி கட்டுனதுல கை வெக்காத கண்ணு. அது விதைக்கு.”

பந்தல் ஒன்று, அவரை மூன்று. ஒன்று வெளிர்பச்சையில் பட்டையான காய். ஒன்றுக்கு ஓரம் முழுக்க ஊதாக் கோடு, பூவும் ஊதா. மூன்றாவது குட்டையானது, பருப்பு தடித்தது. மூன்றுமே பழைய கொடி அவரைகள். வைகாசியில் ஊன்றினாலும் ஆடியில் ஊன்றினாலும், பகல் பொழுது சுருங்கத் தொடங்கிய பிறகே பூவெடுக்கும். எந்தப் பருவத்திலும் காய்க்கிற குத்துச்செடி அவரைகள் கீழ்நாட்டு வயல்களுக்கு வந்து பல காலம் ஆகிறது. சந்தைக்கு அவை தேவைதான். ஆனால் இந்தக் கொடிகள் தை, மாசி வரை விட்டுவிட்டுக் காய்த்து ஒரு வீட்டின் சட்டியை மாதக்கணக்கில் நிரப்பும். வேரின் முடிச்சுகள் காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கும். வேறென்ன கேட்க முடியும் ஒரு செடியிடம்?

பந்தலைத் தாண்டினால் எது பயிர், எது களை என்று புதியவருக்குத் தெரியாது. சேம்பு இலைகளின் நிழலில் இஞ்சி. அதன் பக்கத்தில் தழை காய்ந்துகொண்டிருக்கும் மஞ்சள். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடியில் பச்சைச் சரங்கள். காபிச் செடியில் பாதிப் பழம் சிவந்து, பாதி பச்சையாக. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடி முடியும் இடத்தில் வாழை: மனோரஞ்சிதம், பக்கத்தில் கருவாழை. தூதுவளை முள்ளோடு வேலியில் ஏறியிருக்கிறது. கற்பூரவல்லி வாசற்படியை ஒட்டி நிற்கிறது. குழந்தைக்குச் சளி பிடித்தால் நடுராத்திரியிலும் கை எட்டவேண்டும் அல்லவா. பலாமரத்தின் அடியில் அன்னாசி முட்களை விரித்துக்கொண்டு கிடக்கிறது. மரத்தில் பிஞ்சு இனிமேல்தான் வைக்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் காட்சி மாறுகிறது. சரிவு முழுக்க மரவள்ளி, ஒரே உயரத்தில், ஒரே பச்சையில். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவரும் சாலையில் இந்தக் கிழங்கு லாரி லாரியாக இறங்கி, சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. கையில் காசு தரும் பயிர். அது பரவப் பரவ சாமையும் தினையும் கேழ்வரகும் நிலத்தை இழந்தன. சாமையை உரலில் குத்தி உமி போக்குவதற்குள் பெண்களின் தோள் கழன்றுபோகும். அந்த வேலைக்குப் பயந்தும் பலர் விட்டார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இம்மலைக்கு வந்து, ஊர்களில் விதை வங்கிகளை ஏற்படுத்தியதோடு நில்லாமல் உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுவந்தது சரியான காரியம். உழைப்பைக் குறைக்காமல் பழைய தானியத்தைக் காப்பாற்றச் சொல்வது அநியாயம்.

வயலில் என்ன விதைப்பது என்பதை விலை முடிவு செய்கிறது. வீட்டைச் சுற்றிய இந்தச் சில சென்ட் நிலத்தில் முடிவு இந்த அம்மாளுடையது. அவருடைய நாக்குக்கும் பேத்தியின் நாக்குக்கும் பிடித்தது இங்கே இருக்கும். ஊதாக்கோட்டு அவரை இன்னும் உயிரோடிருப்பது அதன் குழம்பு ருசியால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேலியில் ஒரு செங்காந்தள் காய்ந்து, காய் பிளந்து, சிவந்த விதை தெரிய நிற்கிறது. குறுந்தொகையின் 100ஆம் பாட்டில் கபிலர் காட்டுவதும் இதே மலைதான். ஐவன நெல்லை விதைத்து, ஊடே முளைத்த காட்டு மல்லிகையையும் மரலையும் களைந்தெறியும் மக்கள். காந்தளே வேலியான சிறுகுடி. அது பசித்தால் யானைக் கொம்பை விற்று உண்ணும் என்கிறார். வல்வில் ஓரியின் கொல்லி. அந்தக் காந்தள் வேலிக்கு உள்ளே என்னென்ன கொடிகள் ஏறியிருந்தன என்று அறிய மனம் ஏங்குகிறது.

திடீரென்று ஓட்டின் மேல் தடதடவென்ற ஓசை. குரங்குகள். அம்மாள் கூடையைக் கீழே வைக்காமலே ஒரு மண்கட்டியை எடுத்து வீசுகிறார். பேத்தி தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறாள். இரண்டு குரங்குகள் பலாமரத்துக்குத் தாவுகின்றன. மூன்றாவதன் கையில் ஒரு கொத்து அவரை. அம்மாளின் கண் முதலில் போவது சிவப்புத் துணிகளுக்கு. ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தபிறகே மூச்சு விடுகிறார்.

திண்ணைக்கு வந்து முறத்தில் காயைக் கொட்டுகிறார். உள்ளே அடுப்புக்கு மேலே, புகை படும் இடத்தில் காய்ந்த சுரைக்குடுக்கைகள் தொங்குகின்றன. சாம்பல் புரட்டிய விதை அவற்றுக்குள் இருக்கிறது. சாம்பலும் புகையும் வண்டை அண்டவிடாது. பீர்க்கு, பூசணி, மிளகாய் எல்லாம் அங்கேதான். எந்தக் குடுக்கையிலும் பெயர் எழுதவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் வேலிப் படலை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறாள்.

“அத்தே, எங்க கொடிய மொத்தமா பிச்சிப் போட்டுடுச்சுங்க. ஊதா அவரையில ஒரு காய் மிச்சமில்ல. விதைக்கு என்ன பண்றதுன்னே தெரியல.”

அம்மாள் உரிப்பதை நிறுத்தவில்லை. “எத்தன குழி போடுவ?”

“நாலு போதும் அத்தே.”

“எட்டு விதையாச்சும் வேணும். குழிக்கு ரெண்டு. மாசி கழிச்சு வா, காய வெச்சுத் தரேன். வெளஞ்சதும் ரெட்டிப்பாத் திருப்பிக் குடுத்துடணும். இப்ப உக்காரு, இந்தப் பக்கம் உரி.”

அவள் முறத்தின் மறுபக்கம் உட்காருகிறாள். பேத்தியும் வந்து சேர்ந்துகொள்கிறாள்.

“ஆயா, குழம்புல கத்தரிக்கா போடுவியா?”

“போடுறேன். போய் நாலு பறிச்சிட்டு வா.”