இரண்டாம் வாய்ப்பு யார் கையில்?



சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஹடப்சரில் உள்ள எங்கள் இல்லத்திற்குச் சபையின் மூத்த விசுவாசி ஒருவர் வந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காகப் புனே வந்து, தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். அவருடைய இளைய மகன் முதுநிலை மாணவன். கல்லூரிக் கபடி அணியில் ரெய்டர். திருமணமாகி ஓராண்டு ஆகியிருந்தது. மனைவியை அடித்தான் என்று புகார் எழுந்ததால், விசாரணை முடியும்வரை கல்லூரி அவனை அணியிலிருந்து நிறுத்தி வைத்திருந்தது.

"பாஸ்டர், பையன் நல்லவன் என்று முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள். ஏதோ கோபத்தில் ஒருமுறை கை நீட்டிவிட்டான். அதற்காக அவன் எதிர்காலமே போய்விட வேண்டுமா? நம் கர்த்தர் இரண்டாம் வாய்ப்புக் கொடுக்கிறவர் அல்லவா?" என்று கண்கலங்கக் கேட்டார்.

சபையின் கடிதத்தாளை எடுத்துத் தேதியும் போட்டுவிட்டேன். தேநீர் கொண்டுவந்த என் மனைவி, "அந்தப் பிள்ளையிடம் கேட்டீர்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் கேட்டிருக்கவில்லை. பேனாவை மூடி வைத்தேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. என் ஊழியத்தின் ஆரம்ப நாட்களில், கணவனிடம் அடிபட்ட ஒரு சகோதரி என்னிடம் வந்தாள். "பொறுமையாய் இரு, ஜெபம் பண்ணு, கர்த்தர் அவரை மாற்றுவார்" என்று சொல்லி அன்றே அவளை வீட்டிற்கு அனுப்பி வைத்தேன். மூன்று மாதம் கழித்து, கை முறிந்த நிலையில் அவளை மருத்துவமனையில் பார்த்தேன். அவள் என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று. வேதாகமக் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் கற்றுக்கொடுத்தார்கள்; அடிபட்டவளை எங்கே பத்திரமாக வைப்பது என்பதை ஒருவரும் கற்றுத்தரவில்லை.

விளையாட்டு வீரர்கள்மேல் இத்தகைய குற்றச்சாட்டு எழும்போது உலகம் என்ன செய்கிறது? 2018 மார்ச்சில் கிரிக்கெட் வீரர் முகமது ஷமியின்மேல் அவர் மனைவி குடும்ப வன்முறைப் புகார் கொடுத்தார்; அவர் அதை மறுத்தார். கிரிக்கெட் வாரியம் அவருடைய ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. ஆனால் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்தது, புகாரோடு சேர்ந்து வந்த பண விவகாரத்தை மட்டுமே. அதில் குற்றமில்லை என்றதும், அதே மாதத்தில் ஒப்பந்தம் கிடைத்தது. 2023 உலகக் கோப்பையில் அவர் 24 விக்கெட்டுகள் எடுத்து முதலிடம் பெற்றார். மனைவிக்கும் மகளுக்குமாக மாதம் 4 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதோ 2025 ஜூலையில். ஜீவனாம்ச உத்தரவு குற்றத் தீர்ப்பு ஆகாது. அவர் குற்றவாளியா அல்லவா என்று சொல்ல நான் நியாயாதிபதியும் அல்ல. நான் கவனித்தது ஒன்றே: மைதானத்தின் கதவு சில நாட்களில் திறந்தது, வீட்டின் வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீண்டது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி கல்லூரிகளிலேயே எழுந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் குடும்ப வன்முறைப் புகாரினால் நீக்கப்பட்ட கால்பந்து வீரரை இன்னொரு பல்கலைக்கழகம், "இரண்டாம் வாய்ப்பு" என்று சொல்லிச் சேர்த்துக்கொள்ளும் நிலை இருந்தது. 2015-ஆம் ஆண்டு, 14 பல்கலைக்கழகங்கள் அடங்கிய சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்னும் விளையாட்டுக் கூட்டமைப்பு, அப்படி நீக்கப்பட்டவர்களைத் தன் கல்லூரிகள் சேர்க்கக் கூடாது என்று விதி செய்தது. அந்த விதி சிலருக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆனாலும் திறமை என்னும் திரையால் குற்றத்தை மூடக் கூடாது என்று அவர்கள் உணர்ந்தது நமக்கும் பாடமே.

இது நம்மைச் சேராத காரியம் என்று எண்ண வேண்டாம். 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள் மகாராஷ்டிராவில் சுமார் 25 சதவீதம்; நம் தமிழ்நாட்டில் 38 சதவீதம். நம் ஆராதனையில் கைதட்டிப் பாடுகிற சகோதரிகள் இந்த எண்ணிக்கைக்கு வெளியே இருக்கிறார்கள் என்று யாரால் சொல்லக் கூடும்?

மறுநாள் நானும் என் மனைவியும் அந்தப் பெண்ணைப் பார்க்க அவள் அத்தை வீட்டிற்குப் போனோம். வெகுநேரம் தலை கவிழ்ந்திருந்தவள் பின்பு சொன்னாள்: "ஐயா, ஒருமுறை அல்ல. அவர் விளையாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் பொய் சொல்லுகிறேன் என்று சபையில் பேசுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை."

நான் எழுதவிருந்த கடிதம் என்ன செய்திருக்கும் என்பது அப்போதுதான் விளங்கிற்று. பையன் நல்லவன் என்று சபையின் முத்திரையோடு எழுதினால், அவள் பொய்க்காரி என்றும் அதே முத்திரையோடு எழுதினதாகும்.

பிரியமானவர்களே, இரண்டாம் வாய்ப்பு என்று நாம் ஒரே சொல்லாய்ச் சொல்வதில் மூன்று காரியங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, தேவனுடைய மன்னிப்பு. மெய்யாய் மனந்திரும்புகிறவனுக்கு அது அன்றே கிடைக்கும். அதைத் தடுக்க எவராலும் ஆகாது. இரண்டாவது, அணியிலோ சபையிலோ அவன் வகித்த இடம். அதற்குக் காலமும் கனியும் தேவை. பவுலையும் பர்னபாவையும் பாதிவழியில் விட்டுப் போன மாற்கை, அடுத்த பயணத்தில் சேர்த்துக்கொள்ளப் பவுல் இசையவில்லை. பர்னபாவோ அவனை அழைத்துச் சென்றான். வருஷங்கள் கழித்து, மாற்கு தனக்குப் பிரயோஜனமானவன் என்று பவுலே எழுதினார். இருவருமே அவனுக்கு நன்மை செய்தவர்கள்தாம். மூன்றாவது, அடிபட்டவளுடைய வீட்டுக் கதவு. அதன் திறவுகோல் அவள் கையில் மட்டுமே இருக்கிறது. போதகரோ மாமனாரோ அதைப் பிடுங்கி மற்றவன் கையில் கொடுக்க அதிகாரமில்லை.

குற்றச்சாட்டு நிரூபணம் ஆகாதபோது ஒருவனைத் தண்டிப்பது நியாயமா என்று கேட்பீர்கள். நியாயமன்று. ஆகையால்தான் விசாரணை வேண்டும். அது முடியும்வரை ஒதுங்கியிருப்பது தண்டனை அல்ல, இருதரப்புக்கும் பாதுகாப்பு.

கடிதம் எழுத முடியாது என்று பெரியவரிடம் சொன்னேன். வருத்தத்தோடு எழுந்து போனார். இரண்டு மாதம் ஆராதனைக்கு வரவில்லை. பின்பு ஒருநாள் மகனே தனியாக வந்தான். "பாஸ்டர், நான் அடித்தேன். பலமுறை அடித்தேன்" என்றான். கோபத்தையோ குடியையோ மனைவியின் வாயையோ அவன் காரணம் காட்டவில்லை. அதையே விசாரணைக் குழுவின் முன்பும் சொல்வாயா என்று கேட்டேன். சொன்னான். அந்த ஆண்டு அணியில் அவன் இல்லை. ஆலோசகரிடம் ஒழுங்காய்ப் போய் வருகிறான். சகேயு தன் மனமாற்றத்தை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுத்துக் காட்டினான். இவனும் அவளுடைய நகையையும் படிப்புச் சான்றிதழ்களையும் திருப்பிக் கொடுத்தான். அவள் இப்போது வேலைக்குப் போகிறாள். அவனிடம் திரும்பவில்லை, திரும்பும்படி நாங்கள் கேட்கவும் இல்லை. வருகிற ஆண்டு அவன் தகுதித் தேர்வுக்கு வருவானானால், நடந்ததை மறைக்காமல் ஒரு கடிதம் எழுதுவேன்.

அடிபடுகிற சகோதரியே, பொறுமை என்ற பெயரில் ஆபத்தில் தங்கியிராதே. 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், அவசரத்திற்கு 112-ம் உண்டு. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதுகாப்பு உத்தரவும் தங்குமிட உரிமையும் நீதிமன்றத்தில் கேட்கலாம். போதகர்களே, மூப்பர்களே, நற்சான்று எழுதுமுன் அந்த வீட்டிற்கு ஒருமுறை போய் வாருங்கள்.

கர்த்தர் தாமே நம் குடும்பங்களைக் காத்து நடத்துவாராக. ஆமென்.