அப்பா வழியில் மட்டும்

என் அம்மா ஆங்கிலோ இந்தியர், அப்பா தமிழர். சாந்தோமில் எங்கள் தெரு அம்மாவைச் ‘சட்டைக்காரம்மா’ என்றது. என்னைச் ‘சட்டைக்காரி மகள்’ என்றது. முழங்கால் தெரிய உடுத்துகிறவள் எதற்கும் இணங்குவாள் என்ற நினைப்பும் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே குடியேறிய ஊர் இது. கலப்பு இங்கே புதிதா என்ன!

தெருவுக்கு நான் சட்டைக்காரி. சட்டத்துக்கு அல்ல. அரசியலமைப்பின் 366(2) பிரிவுப்படி ஆங்கிலோ இந்தியர் என்றால் தந்தையோ, தந்தை வழி ஆண் மூதாதை ஒருவரோ ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும். தாய் கணக்கிலேயே இல்லை. கல்லூரி உதவித்தொகைக்காக ஒரு சங்கத்துக்குப் போனபோது, அப்பா பெயரைப் பார்த்ததும் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அம்மா வாயே திறக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போல மஞ்சள் சோறும் பால் கறியும் சமைத்தார். (பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பந்துபோல உருட்டிய கொத்துக்கறிக் குழம்பு அது.)

பல வருடங்கள் கழித்து ஆஃப்ரோ ஜெர்மன் பெண்கள் எழுதிய ‘ஃபார்பே பெகென்னென்’ நூலை ஆங்கிலத்தில் படித்தேன். மூலம் 1986இல் ஒரு பெண்ணியப் பதிப்பகம் போட்டது. 1984இல் பெர்லினுக்குக் கற்பிக்க வந்த அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டும் அங்கிருந்த கறுப்பினப் பெண்களும் பேசிப் பேசி உருவாக்கிய பெயர்தான் ‘ஆஃப்ரோ ஜெர்மன்’. அதற்குமுன் அவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வசைகளே. முதல் உலகப் போருக்குப் பின் ரைன்லாந்தில் இருந்த பிரெஞ்சுப் படையின் ஆப்பிரிக்க வீரர்களுக்கும் ஜெர்மன் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளை ‘ரைன்லாந்து பாஸ்டர்டு’ என்றார்கள். 1937இல் நாஜி அரசு அவர்களில் சுமார் 400 பேருக்கு ரகசியமாகக் கட்டாயக் கருத்தடை செய்தது. அவர்களைப் பெற்ற பெண்களை நாட்டுக்கே அவமானம் என்று தூற்றினார்கள்.

போருக்குப் பிறகும் சட்டம் தந்தையைத்தான் பார்த்தது. வெளிநாட்டவரை மணந்த ஜெர்மன் பெண், தன் குடியுரிமையைப் பிள்ளைக்குத் தர மேற்கு ஜெர்மனியில் பொதுவாக 1975 வரை வழியில்லை. இந்தியாவில் மட்டும் என்ன? வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியில் குடியுரிமை வந்தது 1992 திருத்தத்தில்தான்.

எங்கள் கதையும் அவர்கள் கதையும் ஒன்றல்ல. அம்மாவின் வெளுத்த நிறத்துக்கு இங்கே மரியாதையும் கிடைத்தது. கேலி செய்த அதே தெரு அந்த நிறத்தில் மருமகளும் தேடியது. அவர்களுக்கு அப்படி ஒரு சலுகையும் இல்லை.

அந்நூலின் தொகுப்பாசிரியர்களில் ஒருவர் மே ஒபிட்ஸ். ஒபிட்ஸ் என்பது வளர்ப்புக் குடும்பத்தின் பெயர். பிறகு கானா நாட்டுத் தந்தையின் பெயரை எடுத்துக்கொண்டு மே அயிம் ஆனார். அதுவும் அப்பா பெயர்தான். ஆனால் எந்தப் படிவமும் கேட்டு அவர் அதை எழுதவில்லை. 1996இல், 36 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆப்பிரிக்காவில் அடிமை வணிகக் கோட்டை கட்டிய ஒருவரின் பெயரில் இருந்த பெர்லின் ஆற்றங்கரைத் தெருவுக்கு 2010இல் அயிமின் பெயரை வைத்தார்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணோட மம்மி எங்க?” என்றார்.

குழந்தையிலேயே இல்லத்தில் விட்டுவிட்டார்களாம் என்றேன்.

“விட்டாளா, விட வெச்சாங்களா?”