கியர் விழ மறுக்கும்போது

புலம்பெயர்ந்த வாழ்வில் கார் எமக்கு ஆடம்பரப் பொருள் அன்று. பேருந்து ஓடத் தொடங்குமுன் துப்புரவு வேலைக்குப் புறப்படுபவருக்கும், உணவகம் மூடியபின் நள்ளிரவில் வீடு திரும்புபவருக்கும் அது இன்றியமையாதது. இங்கு ஜேர்மனியில் எம்மவர் பலர் முதலில் வாங்குவது கையால் கியர் மாற்றும் பழைய காரையே. அந்தக் கியர் ஒருநாள் விழ மறுத்தால், குடும்பத்தின் மாத வரவு செலவே ஆட்டங்காண்கிறது.

இரண்டு ஜேர்மன் சொற்களை நாம் பிரித்தறிந்து வைத்திருப்பது நல்லது. 'குப்லுங்' என்றால் கிளச். 'கெற்றீப' என்றால் கியர்ப்பெட்டி. கியர்ப்பெட்டியை மாற்றும் செலவு பழைய காரின் பெறுமதியையே எட்டிவிடக்கூடும். கிளச்சின் குறையோ சிலவேளைகளில் ஒரு சிறு உதிரிப்பாகத்தோடு தீர்ந்துவிடும். ஆனால் ஓட்டுபவருக்கு இரண்டும் ஒரே விதமாகவே தோன்றும்.

கிளச்சை மிதிக்கும்போது எஞ்சினின் சுழற்சி கியர்ப்பெட்டியிலிருந்து பிரிகிறது. பிரிந்தபின், வெவ்வேறு வேகத்தில் சுழலும் பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து பொருத்துபவை 'சிங்ரோ' வளையங்கள். 1928இல் அமெரிக்கக் கடிலாக் கார்களில் இம்முறை அறிமுகமாயிற்று. அது இல்லாத பழைய கனரக வாகனங்களில், ஒரு கியர் மாற்ற ஓட்டுநர் கிளச்சை இருமுறை மிதிக்க வேண்டியிருந்தது.

சென்ற குளிர்காலத்தில் எமது காரில் முதலாம் கியரும் பின்கியரும் விழ மறுத்தன. திருத்துமிடம் ஒன்றில், ஓட்டிப் பார்க்காமலே, கியர்ப்பெட்டி முழுவதையும் மாற்றவேண்டும் என்றார்கள். வன்னியில் நெடுங்காலம் லொறி ஓட்டிய பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். "தம்பி, எஞ்சினை நிற்பாட்டிப்போட்டு ஒவ்வொரு கியராய்ப் போட்டுப் பாரும்" என்றார். கிளச்சை மிதித்துப் போட்டபோது எல்லாக் கியர்களும் தடையின்றி விழுந்தன. எஞ்சினை இயக்கியதும் மீண்டும் மறுத்தன. "பெட்டியிலை பிழையில்லை. கிளச் முழுக்க விடேல்லை" என்றார் அவர்.

அவர் சொன்னதே சரியாயிற்று. கிளச்சை இயக்கும் திரவம் கசிந்து குறைந்திருந்தது. வேறொரு திருத்துமிடத்தில், வெளியே பொருத்தப்பட்டிருந்த கிளச் சிலிண்டரை மாற்றி, குழாயில் புகுந்த காற்றையும் அகற்றினார்கள். அதே கியர்ப்பெட்டியோடு கார் இன்றும் ஓடுகிறது. இங்கு ஓர் எச்சரிக்கை: பல கார்களில் கிளச்சுக்கும் பிறேக்குக்கும் திரவக் கிண்ணம் ஒன்றே. அதன் மட்டம் இறங்கினால் ஒருநாளும் அசட்டை செய்யலாகாது.

இவ்வாறே வேறு அறிகுறிகளும் உள. எஞ்சின் நின்றபோதும் ஓடும்போதும் கியர் ஒரேயளவு இறுக்கமாயின், கியர்த்தடியின் இணைப்புக் கம்பிகளை முதலிலும் பெட்டியின் உட்புறத்தைப் பின்னரும் சோதிக்கவேண்டும். ஒரே ஒரு கியர் மட்டும் மாற்றும்போது கரகரத்தால், அக்கியரின் சிங்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். கியர் தானாகக் கழன்று நியூற்றலுக்கு வந்தால், இணைப்பின் குறையாகவோ பெட்டியின் உட்தேய்மானமாகவோ இருக்கலாம், தாமதிக்கலாகாது. எஞ்சின் இரைந்தும் வேகம் கூடவில்லையெனின் கிளச் தட்டு வழுக்குகிறது. குளிர்காலையில் மட்டும் இறுகிச் சூடேறியதும் இளகுமாயின், பெட்டியின் எண்ணெயையும் அதன் மட்டத்தையும் பார்க்கச் சொல்லவேண்டும். பின்கியர் மட்டும் சற்றுக் கரகரப்பது பெரும்பாலும் நோயன்று. பல கார்களில் அதற்குச் சிங்ரோ இல்லை. கிளச்சை மிதித்துச் சில விநாடிகள் பொறுத்துப் போட்டால் போதும்.

இச்சோதனையைச் சமதரையில், கைப்பிறேக்கை இழுத்துவிட்டே செய்யவேண்டும். பெட்டியைக் கழற்றுவது எமது வேலையன்று. அது தேர்ந்தவரின் தொழில். எமது கடமை, கண்டதைச் சரியாகச் சொல்வது. மொழிபெயர்க்கப் பள்ளிப் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர் எம்மிடையே பலர். எந்தக் கியர், எஞ்சின் நின்றபோதா ஓடியபோதா, குளிரிலா சூட்டிலா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி அப்பிள்ளையிடம் கொடுப்போம். செலவு மதிப்பீட்டையும் எழுத்திலேயே கேட்டு வாங்குவோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் பெரும் செலவொன்றின் முடிவைச் சுமத்தாதிருக்க, இவ்வளவேனும் நாம் செய்யலாம்.