நின்றுகொண்டு சாப்பிட்டது

அம்மாவின் சர்க்கரை நோய்க்காக, சாப்பிடுவதை டயட்டீஷியன் எழுதிவரச் சொன்னது கிராம் கணக்கில். அம்மா எழுதியிருப்பது கரண்டிக் கணக்கில். ‘காலை: இட்லி 3, தக்காளிச் சட்னி. மதியம்: சோறு 2 கரண்டி, கீரைக் கூட்டு, மோர்.’ எந்தக் கரண்டி என்று கேட்டேன். பெயர் வெட்டிய பழைய எவர்சில்வர் குழிக்கரண்டியை எடுத்துக் காட்டினாள். தராசில் வைத்துப் பார்த்தால், அமுக்காமல் அள்ளியது ஏறக்குறைய 100 கிராம் சோறு. மாவுச்சத்து மட்டும் 28 கிராம் அளவுக்கு வரும். அம்மாவின் கரண்டி போதும். தராசு அவசியமே இல்லை.

ஆனால் காலைக்கும் மதியத்துக்கும் நடுவே நோட்டில் ஒன்றுமே இல்லை. அந்த நேரத்து அடுப்படியை எனக்குத் தெரியும். பேரன் தட்டில் விட்டுப்போன தோசை ஓரம், உப்புப் பார்க்க உள்ளங்கையில் விட்டுக்கொண்ட குழம்பு, டப்பா அடியில் கிடக்கும் முறுக்குத் துண்டு. “அதெல்லாம் ஒரு சாப்பாடா? நின்னுகிட்டே வாயில போட்டுக்கிட்டது” என்கிறாள். எதையும் வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு, மீந்ததைத் தின்பதும் பாத்திரம் ஒழிப்பதோடு சேர்ந்த வேலை.

இந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து சான்டோரியோவின் நாற்காலி என் நினைவைவிட்டுப் போகவில்லை. இத்தாலியில் படுவா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த மருத்துவர் அவர். 1561இல் பிறந்து 1636இல் மறைந்தவர். பெரிய துலாக்கோலில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து சாப்பிட்டார். தின்றதையும் குடித்ததையும் கழித்ததையும் வருடக்கணக்கில் நிறுத்தார். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒத்துப்போகவில்லை. எட்டுப் பவுண்டு உண்டால் ஐந்து பவுண்டுபோல் கண்ணுக்குத் தெரியாமலே உடம்பிலிருந்து ஆவியாகிப் போகிறது என்று 1614இல் வெளியிட்ட நூலில் எழுதினார். எனக்கு அதைவிடப் பிடித்தது நாற்காலியின் இன்னொரு உபயோகம். இந்த வேளைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எடையை நிறுத்திவைத்துவிடலாம். அந்த அளவு வயிற்றுக்குள் போனதும் நாற்காலி லேசாகக் கீழே இறங்கும். எழுந்துவிட வேண்டியதுதான். எவ்வளவு அழகான ஏற்பாடு! அவர் வீட்டுச் சமையற்கட்டில் நின்றவர் யாரோ, அவருக்கு யாரும் நாற்காலி தொங்கவிட்டிருக்க மாட்டார்கள்.

ரத்தம் மட்டும் நின்று தின்றதா உட்கார்ந்து தின்றதா என்று பார்ப்பதில்லை. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அது சுற்றிவரும் காலமெல்லாம் அதன் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே வருகிறது. ஹெச்பிஏ1சி சோதனையில் அளப்பது அதைத்தான். டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் வாயைக் கட்டி, வெறும் வயிற்று அளவை இறக்கிவிடலாம். ஏ1சி அதற்கெல்லாம் அசையாது. தோசை ஓரமும் அதில் ஏறியிருக்கும்.

அம்மாவின் நோட்டில் கோடு போட்டு, ‘நின்றது’ என்று ஒரு பத்தி சேர்த்துக் கொடுத்தேன். முதலில் முகத்தைச் சுளித்தாள். இப்போது எழுதுகிறாள்: ‘முறுக்கு பாதி. பையன் தோசை கால்.’

உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்கு மாத்திரை போடும் அம்மாவோ மாமியாரோ இருப்பார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று அவர்களை விசாரிப்பதற்கு முன்னால், எல்லோரோடும் சேர்த்து உட்காரவைத்துச் சூடாகப் பரிமாறுங்கள். பிள்ளைக்குத் தோசையைச் சின்னதாக வார்த்துக் கொடுங்கள். தட்டில் மீந்தால் அதை எடுத்துப்போடும் வேலையை நீங்கள் செய்யுங்கள்.