சக்கரம் கற்பித்த பாடம்

பொட்டிப்புரத்திலிருந்து போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் முதிய அத்தாவை அழைத்துச் செல்பவன் நான். என் ஹைபிரிட் காரின் டயர்கள் தேய்ந்து, 1.6 மி.மீ. எல்லையைத் தொட்டன. சிக்கனம் கருதி, ஒரு கடையில் மிக மலிவான டயர்களுக்கு விலை பேசினேன். பணம் எண்ணுகையில், அங்கு வந்த பழைய மாணவர், "ஐயா, பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களைப் பார்த்தீர்களா?" என்றார். முதலிரண்டு எண்கள் வாரம், பின்னிரண்டு ஆண்டு. டயர் பிறந்து ஆறாண்டு கழிந்திருந்தது! பேட்டரியின் எடையையும் தாங்க வேண்டிய வண்டிக்கு அதன் சுமைக் குறியீடும் போதாது. அளவும் சுமைக் குறியீடும் பொருந்திய, புதிதாகத் தயாரான நடுத்தர விலை டயர்களையே வாங்கினேன். வரிக்கு வரி பொருள் காணக் கற்பித்தவன், அத்தாவின் உயிரைத் தாங்கும் நான்கு எண்களைப் படிக்கத் தவறினேன். அன்று மாணவரே ஆசிரியர். மாணவச் செல்வங்களே, சிக்கனம் நன்று. படித்தறிந்த சிக்கனமே நன்று.